கல்லீரலில் கழலும் உறை



பிரிட்டனின் கார்டிஃபிலிருந்து எழுதுகிறேன். ஊர் நடுவே கேத்தேஸ் பார்க் பக்கம் வெள்ளைக் கல் மாளிகைகள் வரிசையாக நிற்கும். அங்கேயே ரெட்வுட் என்ற பெயரில், அலங்காரம் ஏதுமில்லாத ஒரு கட்டடம். பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பள்ளி. கிறிஸ் மெக்விகன் என்ற வேதியியலாளர் 1990களின் நடுவிலிருந்து 2016-ல் காலமாகும்வரை வேலை பார்த்தது இங்கேதான். அவர் கண்ட உத்தியால் ஹெபடைட்டிஸ் சி குணமானவர்களில் பெரும்பாலோர் அவர் பெயரைக் கேட்டே இருக்க மாட்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

ஹெபடைட்டிஸ் சி கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய்; சத்தமில்லாமல் வரும். பலருக்குக் காமாலைகூடக் காணாது. இருபது முப்பது ஆண்டு கழித்து ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்த பிறகுதான் தெரியவரும். தடுப்பூசி இன்றுவரை கிடையாது. பிரிட்டனுக்கு இது ஆறாத புண். 1970களிலிருந்து 1991 வரை மருத்துவமனைகளில் ஏற்றிய இரத்தமும், ஹீமோஃபீலியா நோயாளிகளுக்குக் கொடுத்த இரத்தப் பொருள்களும் 30,000 பேருக்கு மேல் ஹெபடைட்டிஸ் சி-யையோ எச்ஐவி-யையோ தந்துவிட்டன. இதை ஆராய்ந்த விசாரணைக் குழு 2019-ல் கார்டிஃபுக்கும் வந்து சாட்சியம் கேட்டது. இது விபத்து அல்ல, தடுத்திருக்கக் கூடியது என்று 2024 மே மாதம் அறிக்கை வந்தது.

அவர்களில் ஹெபடைட்டிஸ் சி தொற்றிய பலர் பெற்ற வைத்தியம் நோயைவிடக் கொடியது. வாரந்தோறும் இன்டர்ஃபெரான் ஊசி, கூடவே ரிபாவிரின் மாத்திரை; பலருக்கு 48 வாரம். ஊசி போட்ட இரவு குளிர்க்காய்ச்சல், மேல்வலி. முடி கொட்டும், இரத்தம் குறையும். மனச்சோர்வு தாங்காமல் பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு. பல்லைக் கடித்து முடித்தவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வைரஸ் போகவில்லை.

மெக்விகன் தேடியது வேறொன்று. வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது அதன் சங்கிலியில் ஒரு போலிக் கண்ணியை மாட்டிவிட்டால் நகல் அங்கேயே நின்றுவிடும். நியூக்ளியோசைடு மருந்துகளின் வேலை இதுதான். ஆனால் அந்தக் கண்ணிக்கு உயிர் வர, செல்லுக்குள் மூன்று பாஸ்பேட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்ட வேண்டும். பல மருந்துகளில் முதல் பாஸ்பேட் ஒட்டுவதில்தான் தடங்கல். வெளியிலேயே ஒட்டிக் கொடுக்கலாமே என்றால், பாஸ்பேட்டின் மின்னூட்டம் அதைச் செல்லின் கொழுப்புச் சவ்வுக்குள் விடாது. மெக்விகன் பாஸ்பேட்டின் ஒரு பக்கத்தில் பீனால் வகை மூலக்கூறையும் மறுபக்கத்தில் ஓர் அமினோ அமில எஸ்டரையும் கட்டி மின்னூட்டத்தை மறைத்தார். நெல்லுக்கு உமிபோல இந்த உறை. சவ்வைத் தாண்டியதும் செல்லின் நொதிகளே அதைக் கழற்றிவிடும். புரோட்டைடு என்று பெயர்.

முதலில் அவர் குறிவைத்தது எச்ஐவி-யை. மருந்து போய்ச்சேர வேண்டிய இடம் இரத்தத்தின் வெள்ளணுக்கள். ஆனால் விழுங்கும் மருந்து குடலில் உறிஞ்சப்பட்டதும் நேரே கல்லீரலுக்குத்தான் போகும். உறையைக் கழற்றும் நொதிகள் அங்கே ஏராளம். மருந்தில் பெரும்பங்கை ஈரலே பிடித்துக்கொள்ளும். எச்ஐவி-க்கு அது நஷ்டம். ஹெபடைட்டிஸ் சி வைரஸ் குடியிருப்பதோ அதே ஈரலில்! நியூ ஜெர்சியில் ஃபார்மாசெட் நிறுவனத்தில் மைக்கேல் சோஃபியாவின் குழு இந்த உறையைத் தங்கள் மூலக்கூறின்மேல் கட்டியது. கழன்றபின் மின்னூட்டத்தோடு நிற்கும் மருந்து செல்லைவிட்டு எளிதில் வெளியேற முடியாது. மற்ற உறுப்புகளுக்குப் போவது குறைவு, பக்கவிளைவும் குறைவு. இலக்கு நோக்கிய மருந்து என்றதும் நானோ துகள்கள் நினைவுக்கு வரும். இங்கே ஒரு பாஸ்பரஸ் அணுவைச் சுற்றிய சில கட்டுகளே வழிகாட்டின. இதைவிட அழகான வேதியியலை நான் அறிந்ததில்லை.

அதுதான் சோஃபோஸ்புவிர். 2013 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. துணை மருந்தோடு பன்னிரண்டு வாரம் சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமாகிறார்கள். அன்று அங்கே ஒரு மாத்திரை 1,000 டாலர், முழு வைத்தியம் 84,000 டாலர். ஃபார்மாசெட்டை வாங்கிய கிலியட் நிர்ணயித்த விலை அது. ஒரு தலைமுறை ஆய்வின் கனியை இப்படிப் பூட்டி வைத்ததை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. 2014-ல் இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்த பிறகு நம் ஊரில் விலை மளமளவென்று இறங்கியது. 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இப்போது இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

மருந்து இலவசமாகக் கிடைத்தாலும், காமாலை என்றால் கீழாநெல்லி என்பது நம் வழக்கம். ஹெபடைட்டிஸ் பி-க்கு அது பலன் தருவதாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும், அந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பெற்ற புளும்பெர்க்கும் 1988-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். பிற நாட்டு ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. கண்ணின் மஞ்சள் வடிந்தால் வைரஸ் போய்விட்டது என்று பொருளல்ல.

இந்தியாவில் தானமாக வரும் இரத்தத்தில் ஹெபடைட்டிஸ் சி பரிசோதனை கட்டாயமானது 2001-ல்தான். அதற்குமுன் பிரசவத்திலோ அறுவை சிகிச்சையிலோ விபத்திலோ இரத்தம் ஏற்றிக்கொண்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஹெச்சிவி (ஹெபடைட்டிஸ் சி) பரிசோதனையும் எடுக்கச் சொல்லுங்கள்.