விடையை முதலில் எழுதியவன்

ஜோகூரில் வீடமைப்புத் திட்டங்களுக்கும் கடைத்தொகுதிகளுக்கும் போக்குவரத்துத் தாக்க ஆய்வறிக்கை தயாரிப்பது என் தொழில். எங்களுக்குள் டி.ஐ.ஏ. என்போம். அந்த அறிக்கைகளில் சிலவற்றில் விடையை முதலில் வைத்துக்கொண்டு, கணக்கைப் பிறகு போட்டிருக்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. பொய் எழுது என்று யாரும் சொல்லவுமில்லை. நானாகத்தான் செய்தேன்.

1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, மேம்பாட்டாளர் ஊராட்சி மன்றத்திடம் திட்டமிடல் அனுமதி கேட்க வேண்டும். திட்டம் பெரிதென்றால், வரப்போகும் வண்டிகளைச் சுற்றுச் சாலைகள் தாங்குமா என்று ஒரு பொறியாளர் சொல்ல வேண்டும். அதற்காகச் சந்திப்புகளில் ஆள் நிறுத்தி, 15 நிமிடத்துக்கு ஒரு கட்டமாக வண்டிகளை எண்ணுகிறோம். புது வீடுகளிலிருந்து எத்தனை பயணம் கிளம்பும் என்பதற்குப் பொதுப்பணி அமைச்சின் நெடுஞ்சாலைத் திட்டமிடல் பிரிவு வெளியிட்ட கையேடு இருக்கிறது. இரண்டையும் கூட்டி, வருங்கால வளர்ச்சியையும் சேர்த்து, சாலையின் சேவைத் தரத்தை ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்தில் சொல்கிறோம். டி வந்தால் பெரும்பாலும் பிழைத்தோம். எஃப் வந்தால் மேம்பாட்டாளர் கூடுதல் தடமோ மேம்பாலமோ கட்டித் தர வேண்டி வரும். அந்தச் செலவைச் செய்ய வேண்டியவர்தான் எனக்கும் கட்டணம் தருகிறவர்.

பழைய செம்பனைத் தோட்ட நிலத்தில் எழுந்த ஒரு தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, நான் போட்ட முதல் கணக்கில் எஃப் வந்தது. அதை டி ஆக்கப் பொய் எண் எதுவும் தேவைப்படவில்லை. ஆண்டு வளர்ச்சி விகிதத்தைச் சற்றுக் குறைத்தேன். தாமானுக்குள்ளேயே கடைகள் வருவதால் ஒரு பகுதிப் பயணம் வெளியே வராது என்று கழித்தேன். எதிர்ப்பக்கம் அனுமதி பெற்றும் கட்டப்படாமல் இருந்த இன்னொரு திட்டத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. ஆனால் எல்லாக் காரணங்களும் ஒரே பக்கம் சாய்ந்தன. சாய்த்தது நான்.

மேம்பாட்டாளருக்கு அவசரம். பள்ளி விடுமுறை வாரத்தில் எண்ணிவிட்டு, விடுமுறைக் குறைவைச் சரிக்கட்ட ஒரு சதவீதத்தைக் கூட்டினேன். பக்கத்தில் தமிழ்ப்பள்ளி இருந்தது. அங்கே நடந்து வரும் பிள்ளைகள் எந்தச் சதவீதத்திலும் வரவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம், எண்ணிய நேரம். வழக்கப்படி காலை 7 முதல் 9 வரை எண்ணினேன். ஜோகூர் பாரு வட்டாரத்தின் காலை அப்போது தொடங்குவதில்லை. 1924-இல் திறந்த கடற்பாலம் வழியாகவும், 1998-இல் திறந்த இரண்டாவது பாலம் வழியாகவும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிடுகிறார்கள். 5 மணிக்கு அந்தச் சாலையில் ஓடுகிற கூட்டத்தை 7 மணிக்கு நிற்கிறவன் பார்க்கவே முடியாது. எனக்கு இது தெரியாததல்ல. என் சொந்தக்காரர்களிலேயே பலர் அப்படிப் போகிறவர்கள். எண்ணியிருந்தாலும், எங்கள் கணக்கில் ஒரு மோட்டார் சைக்கிள் ஒரு காரின் பின்னம்தான். மோதினால் அடிபடுவதோ முழு உடம்பு.

அனுமதி கிடைத்தது, வீடுகள் நிரம்பின. அதே தாமானில் ஒரு நண்பர் வீடு வாங்கிப் புதுமனை புகுவிழாவுக்கு அழைத்தார். சாயங்காலம் அந்தச் சந்திப்பில் நானும் மாட்டிக்கொண்டேன். வலப்பக்கம் திரும்புவதற்காக ஒதுக்கிய தடம் நிரம்பி வழிந்து, நேராகப் போகும் தடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அந்தத் தடம் எவ்வளவு நீளம் போதும் என்று எழுதியவன் நான். கார்களின் இடுக்கில் மோட்டார் சைக்கிள்கள் புகுந்து வந்தன. நடுத்திட்டில் ஓர் அம்மா, சீருடைப் பிள்ளையின் கையை இறுகப் பிடித்தபடி, பாதம் கொள்ளாத இடத்தில் நின்றார்.

“இந்த டிராஃபிக் லைட்டத் தாண்டுறதுக்குள்ள உயிர் போவுதுண்ணே, எப்படித்தான் அப்ரூவல் கொடுத்தாங்களோ” என்றார் நண்பர். நான் பதில் சொல்லாமல் சாப்பிட உட்கார்ந்தேன். அறிக்கையில் செய்தது ஒரு தவறு. வாயை மூடிக்கொண்டது இன்னொன்று.

1967-ஆம் ஆண்டுப் பொறியாளர் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவன் நான். பொதுமக்களின் பாதுகாப்பே முதல் கடமை என்று எங்கள் நடத்தை விதி சொல்கிறது. அந்தப் பொதுமக்கள் யார் என்று நான் யோசித்ததில்லை. கட்டணம் தருகிறவர் எதிரில் உட்கார்ந்திருப்பார்; அந்த வீடுகளில் குடியேறப் போகிறவர் யாரென்றே அப்போது தெரியாது. தெரிந்த முகத்துக்கு வளைந்து கொடுத்தேன்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. 2025 ஜனவரியில் ஜோகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது; அதையொட்டிப் புதுத் திட்டங்களும் அவற்றுக்கான அறிக்கைகளும் வரும். ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸுக்குப் போகும் ஆர்.டி.எஸ். ரயில், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றும் திறன் கொண்டது. ‘ரயில் வருகிறது, ஆகவே கார் குறையும்’ என்று ஒவ்வோர் அடுக்குமாடித் திட்டத்தின் அறிக்கையிலும் கழித்துக்கொள்வது சுலபம். வீட்டிலிருந்து நிலையம் வரை அந்த மனிதர் எப்படிப் போவார் என்று கேட்காமலே கழிக்கலாம். 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து ஜோகூரின் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. அதற்கு முந்தைய வெள்ளி, ஞாயிறு எண்ணிக்கைகள் இனி உதவாது. அவற்றையே தூசி தட்டி எடுத்துப் போடவும் கை வரும். என் கைக்கு அந்தப் பழக்கம் இருந்ததால் சொல்கிறேன்.

ஆய்வாளரை மேம்பாட்டாளர் தேர்ந்தெடுக்கக் கூடாது. கட்டணத்தை மேம்பாட்டாளரிடம் வாங்கி, ஆளை ஊராட்சி மன்றமே அமர்த்தட்டும். குடியேறி ஓராண்டானதும் அதே சந்திப்பை மறுபடி எண்ணி, கணித்ததையும் நடந்ததையும் மக்கள் பார்க்கும்படி வெளியிடட்டும். அப்படி ஒரு கட்டாயம் இருந்திருந்தால் என் பேனா அவ்வளவு லேசாக வளைந்திருக்காது.

சட்டம் வரும்வரை காத்திருக்க எனக்கு உரிமையில்லை. அந்தச் சந்திப்பை விடியுமுன்னிருந்து என் செலவில் எண்ணப் போகிறேன். பழைய அறிக்கையில் எவற்றையெல்லாம் குறைத்தேன், எவற்றை விட்டேன் என்பதை ஊராட்சி மன்றத்துக்குக் கடிதமாகக் கொடுப்பேன். நகல் அந்தத் தாமான் குடியிருப்பாளர் சங்கத்துக்கும் போகும். என் பதிவு எண்ணும் கையெழுத்தும் அதில் இருக்கும்.