வளர்த்த கழுகை வழியனுப்பும் கசாக் மக்கள்!

மங்கோலியாவின் மேற்குக் கோடியில், அல்தாய் மலைப்பகுதியில் இருக்கிறது பயன்-உல்கி மாகாணம். இங்கே வாழும் கசாக் இன வேட்டைக்காரர்களுக்குப் பொன்னாங்கழுகு வீட்டில் ஒரு பிள்ளை மாதிரி!

ஆண் கழுகைவிடப் பெண் கழுகுதான் பெரிது, வலிமையும் அதிகம். அதனால் பெண் குஞ்சைப் பிடித்துவந்து, கையாலேயே இறைச்சி ஊட்டிப் பழக்குகிறார்கள். பனிக்காலத்தில் குதிரையேறி வேட்டைக்குக் கிளம்புவார்கள். கனமான கழுகைச் சுமக்கும் கைக்குத் தாங்கலாகச் சேணத்தில் ஒரு கவட்டைக் கம்பு இருக்கும். நரி தென்பட்டதும் கழுகின் கண்களை மறைத்திருக்கும் தோல் தொப்பியைக் கழற்றிப் பறக்கவிடுவார்கள்.

ஆனால், இந்தப் பிள்ளையைக் கடைசிவரை வைத்துக்கொள்வதில்லை. சில ஆண்டுகள் கழித்து மலைக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவதே மரபு. பிரியும்போது, அது பசியாற ஆட்டிறைச்சியும் வைத்துவிட்டு வருவதுண்டு. கழுகு காட்டில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தால்தானே, அடுத்த தலைமுறையிலும் இந்த வேட்டைக்கலை நிலைக்கும்!