சாதி இல்லாத செட்டு

எங்க அய்யா பம்பைக்காரர். கரகாட்டத்துக்கு அடிக்கிற நையாண்டி மேளத்தில் நாதஸ்வரமும் தவிலும் முன்னால் நிற்கும், பம்பையும் தமுக்கும் பின்னால். அய்யா பின்னால் நின்றவர். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா தொடங்கிவிட்டால் ஆடி முடியும்வரை வீடு தங்கமாட்டார். மற்ற மாசங்களில் கம்பம்மெட்டு ஏறி ஏலக்காய்த் தோட்டத்தில் கூலி.

1989 ஜூனில் வந்த கரகாட்டக்காரன் எங்கள் டூரிங் டாக்கீசுக்கு வந்துசேர அடுத்த வருசம் ஆனது. செட்டு மொத்தமும் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தது. எட்டாவது படித்த நானும் போனேன். அய்யா அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை. ஓட்டைக் காரை எல்லாரும் இறங்கித் தள்ளுகிற இடத்தில் அவருக்குக் கண்ணில் தண்ணி. "நாம மாட்டுவண்டியத் தள்ளுனோம், இவய்ங்க காரத் தள்றாய்ங்க" என்றார். தவில்காரராக வரும் கவுண்டமணி செந்திலை எட்டி உதைத்தபோது மட்டும் சிரிக்கவில்லை. "மேல வாங்குனத கீழ எறக்கி வைக்கிறான்."

திரும்பி நடக்கையில் கேட்டார்: "ஏம்ப்பா, அந்தச் செட்டு என்ன ஆளுக?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. படமும் சொல்லவில்லை.

கல்லூரியில் படிக்கும்போது மறுபடி பார்த்தேன். ஒரு செட்டு வெளியூருக்குப் போகிறது, தங்குகிறது, தின்கிறது. எந்தத் தெரு என்று ஒருத்தரும் கேட்பதில்லை. காதலுக்குத் தடையாகப் பணக்காரன் வருகிறான், குடும்பப் பகை வருகிறது. சாதி வருவதேயில்லை. கடைசியில் நாயகனின் தாயும் நாயகியின் தகப்பனும் கூடப்பிறந்தவர்கள் என்று தெரிந்து மாமன் மகள் முறையாகிவிடுகிறது. 1968இல் வந்த தில்லானா மோகனாம்பாளின் கூடுதான் இது. அங்கே நாதஸ்வரமும் பரதமும் போட்டி போட்டன; இங்கே தெருவில் ஆடுகிறவர்களே நாயகனும் நாயகியும். அது சின்ன விசயமில்லை. ஆனால் அந்தத் தெருவின் பேர் மட்டும் படத்தில் இல்லை.

எடுத்தவர்களுக்குத் தெரியாதா? இயக்கிய கங்கை அமரனும் இசையமைத்த இளையராஜாவும் எங்கள் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில், தலித் வீட்டில் பிறந்தவர்கள். அவர்களுடைய அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளுக்கு நடுவே பாடினார். அந்த ஆர்மோனியத்துக்குப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இவர்கள். நான் குறை சொல்லவில்லை. பேர் சொல்லி எடுத்திருந்தால் மதுரையில் ஒரு வருசத்துக்கு மேல் ஓடியிருக்குமா? அமெரிக்காவில் 1941இல் 'பர்த் ஆஃப் தி ப்ளூஸ்' என்று ஒரு பாட்டும் சிரிப்புமான படம். நியூ ஆர்லியன்ஸின் கறுப்பர் இசைக்கு அதில் வெள்ளைக்காரரான பிங் கிராஸ்பிதான் நாயகன். அங்கே ஆளையே மாற்றினார்கள். இங்கே ஆள் நம்ம ஆள்தான், மேல்விலாசத்தை மட்டும் அழித்துவிட்டார்கள்.

எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் அதை அழிக்கவில்லை.

படம் வந்தபிறகு ரெண்டு வருசம் செட்டுக்கு நல்ல கிராக்கி. ஆனால் போன இடமெல்லாம் சினிமாப் பாட்டையே கேட்டார்கள். அய்யா பாட்டுக் கேசட்டை டீக்கடையில் போடச் சொல்லிக் கேட்டு அடி பழகினார். அவருடைய தாத்தா அடித்த அடிகளைக் கேட்க ஆளில்லை.

உத்தமபாளையம் பக்கம் ஒரு ஊர். ராத்திரி முழுக்க அடித்து ஓய்ந்த செட்டுக்குக் கோயிலுக்குப் பின்னால், மாட்டுக்கொட்டம் ஓரம் இலை போட்டார்கள். தண்ணி தூக்கி ஊற்றினார்கள். அய்யாவுக்கு அப்போது ஐம்பது வயசு இருக்கும். மீசை முளைக்காத பயல் ஒருவன், "டேய் பம்பை" என்று கூப்பிட்டு ஒரு வாழைப்பழத்தைத் தூக்கிப்போட்டு, "ஒண்ணு இந்தா இருக்கு, இன்னொண்ண எங்கடா?" என்றான். ஊர் மொத்தமும் சிரித்தது. எங்கள் செட்டிலும் ரெண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வேறென்ன செய்வது, அந்தக் காமெடி அப்படி.

அய்யா பழத்தை எடுக்கவில்லை. இலையை மடித்தார். பம்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விடியுமுன்னே நடந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். பேசின பணத்தில் பாதி பாக்கி. கேட்டு வாங்க அவர் போகவில்லை, என்னையும் போகவிடவில்லை.