தேனுக்கும் உண்டு விலாசம்!

தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்குப் போகிறவர்கள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளை வரிசையாகத் தாண்ட வேண்டும். போன மாசி மாதம் நானும் தாண்டினேன். சம்பா அறுவடையான வயல்களில் உளுந்தும் பயறும் பச்சைப் பாய் விரித்திருந்தன. குடமுருட்டிப் பாலத்துக்கு அப்பால், புங்க மரத்து நிழலில் ஒரு பெரியவர் பாட்டில்களை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அசல் கொல்லிமலைத் தேன், சார்! நாக்கிலே வச்சுப் பாருங்க."

கொல்லிமலை எங்கே, குடமுருட்டி எங்கே! வைத்துப் பார்த்தேன். இனித்தது. ஆனால் மலையில் எடுத்ததா, மாந்தோப்பில் எடுத்ததா என்று நாக்கு சொல்லாதே! சொல்லக்கூடிய சாட்சி பாட்டிலுக்குள்ளேயே இருக்கிறது. அதுதான் மகரந்தத் தூள்.

தேனீ பூவில் மதுவை உறிஞ்சும்போது மகரந்தமும் கூடவே ஒட்டிக்கொண்டு அடைக்குள் போய்விடுகிறது. செடிக்குச் செடி அதன் முகவெட்டு வேறு. தென்னையினுடையது ஒற்றைப் பிளவுள்ள படகு. எள்ளினுடையது பத்துப் பன்னிரண்டு வரிகள் ஓடிய குட்டிப் பூசணி. சூரியகாந்தியினுடையது முள் உருண்டை. தேனுக்குள் இவற்றைத் தேடிப் பார்க்கலாம் என்று பிஃபிஸ்டர் என்ற ஐரோப்பியர் 1895-லேயே எழுதிவிட்டார்.

முறையும் எளிதுதான். 10 கிராம் தேனை 20 மில்லி வெதுவெதுப்பான நீரில் கரைத்து, வேகமாகச் சுழலும் யந்திரத்தில் இட்டால், மகரந்தம் அடியில் வண்டலாகப் படியும். காவிரிக் கரைக்காரர்களுக்கு வண்டலின் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ? அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணுகிறார்கள். நூற்றுக்கு 45-க்கு மேல் ஒரே செடியின் மகரந்தம் இருந்தால் அதுவே பிரதானம்.

இன்ன முகம் இன்ன செடி என்று ஒப்பிட்டுப் பார்க்க அயல்நாடு போக வேண்டாம். புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான மகரந்த மாதிரிகளைக் கண்ணாடித் துண்டுகளில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்த இயலில் உலகப் புகழ் பெற்ற தணிகைமணி அங்கே பணியாற்றியவர். 1986-ல் கராச்சியில் விமானக் கடத்தல்காரர்களால் அவர் உயிரிழந்தது பெரும் துயரம். தென்னிந்தியத் தேன்களின் மகரந்தத்தை ஆராய்ந்து 2014-ல் வெளிவந்த கட்டுரையும் புதுச்சேரி விஞ்ஞானிகளின் உழைப்புதான்.

சரி, எங்கு பார்த்தாலும் நெல்லாக இருக்கும் இந்தச் சீமையில், தேனும் நெல்லிலிருந்துதான் வருகிறதா? இல்லை! நெற்பூ முற்பகலில் ஓரிரு மணி நேரம் திறந்து மூடிக்கொள்ளும். அதில் மது கிடையாது. தூளுக்காக மட்டும் தேனீ வருவதுண்டு. ஆகவே தேனில் நெல்லின் மகரந்தம் இருந்தால் 'வயல் பக்கத்துத் தேன்' என்று சொல்லலாமே தவிர, 'நெல் தேன்' என்று சொல்லக் கூடாது.

இந்தச் சாட்சிகளிலும் வாயாடி உண்டு, ஊமை உண்டு. தொட்டாற்சிணுங்கி கொஞ்சம் மது கொடுத்துவிட்டு மிகச் சிறிய மகரந்தத்தை அள்ளித் தெளித்துவிடும். வாழையோ மதுவை வாரி வழங்கும். தூள் மட்டும் அற்பம். எண்ணிக்கையோடு ஊர் விஷயமும் தெரிந்தவரே சரியான தீர்ப்புச் சொல்ல முடியும். தேனை அளவுக்கு மீறி வடிகட்டிவிட்டாலோ, சாட்சியே காணாமல் போய்விடும்.

ஆக, தஞ்சைத் தேனின் இனிப்பு நெல்லில் இல்லை. வரப்பிலும் கொல்லையிலும் படுகையிலும் இருக்கிறது. தென்னை, புங்கன், வேம்பு, கோடையில் எள், கடலோரம் முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு. 2018 நவம்பர் 16-ந் தேதி வீசிய கஜா புயல் இந்தப் பக்கத்தில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. மறுபடி வைக்கும் ஒவ்வொரு கன்றும் தேனீக்கும் சேர்த்து வைப்பதுதான்.

மாலையில் திரும்பும்போது பெரியவர் அங்கேயே இருந்தார். மகரந்தக் கதையைச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார்.

"கொல்லையிலே நாலு பெட்டி வச்சிருக்கேன், சார். அதுதான் இது. நம்ம ஊர்த் தேன்னு சொன்னா யார் சார் வாங்குறாங்க?"

"நான் வாங்குகிறேன்" என்று இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டேன்.

நீங்களும் அந்தப் பக்கம் போனால், எந்த மலைத் தேன் என்று கேட்காதீர்கள். எந்தக் கொல்லைத் தேன் என்று கேளுங்கள்.