எது முதலில் வருகிறதோ அது!

சிவப்பு விளக்கைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நிமிர்ந்து உட்காராதீர்கள். இது கார் டாஷ்போர்டில் எரிகிற சிவப்பு விளக்கு. அலாவுதீன் கதையில் வருமே, அதே மாதிரி மூக்கு நீண்ட விளக்கு. மூக்கு நுனியில் ஒரு சொட்டு. அலாவுதீன் விளக்கைத் தேய்த்தால் பூதம் வந்து பணம் கொடுக்கும். இந்த விளக்கு எரிந்தால் மெக்கானிக் வந்து பணம் வாங்குவார்.

2025 பிப்ரவரியில் விழுப்புரத்தில் தங்கை வீட்டு கிரகப்பிரவேசம். ஏழரைக்குள் பால் காய்ச்ச வேண்டும் என்று விடிகாலை நாலு மணிக்கே குரோம்பேட்டையிலிருந்து கிளம்பிவிட்டோம். முன் சீட்டில் அப்பா. பின்னால் அம்மாவும் என் மனைவியும், மடியில் சீர்த்தட்டுகள். டிக்கியில் ஒரு ஜோடி குத்துவிளக்கு.

பரனூர் டோல் தாண்டி, செங்கல்பட்டு தாண்டி, மதுராந்தகத்தை நெருங்கும்போது மேற்படி விளக்கு ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியது. பார்க்காத மாதிரி இருந்தேன். இன்னொரு தடவை சிமிட்டியது. அப்புறம் நிரந்தரமாகவே எரிய ஆரம்பித்துவிட்டது. கூடவே, பானட்டுக்குள் யாரோ டைப் அடிக்கிற மாதிரி 'டக டக' சத்தம்.

"நிறுத்துடா" என்றார் அப்பா.

"இன்னும் கொஞ்ச தூரம்தாம்ப்பா. அங்கே போய்ப் பார்த்துக்கலாம்."

"எண்பது கிலோமீட்டர் உனக்குக் கொஞ்ச தூரமா? நிறுத்து. முதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணு."

நிறுத்தினேன். மொபைல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் அளவு கோட்டுக்குள்தான் இருந்தது. "பாருங்க, ஆயில் இருக்கு. விளக்குலதான் கோளாறு" என்று தீர்ப்பு வழங்கினேன். அந்த விளக்கு ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது என்பது பிறகு தெரிந்துகொண்ட விஷயம். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, குழாயில் வரவில்லை என்று அர்த்தம். அந்த நிலைமையில் ஓட்டிக்கொண்டே போனால் இரும்பு இரும்போடு உரசி இன்ஜின் ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ளும்.

மீதிப் பயணம் பஸ்ஸில். ஒரு குத்துவிளக்கு என் மடியில், இன்னொன்று அப்பா மடியில். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பால் காய்ச்சி முடித்து இரண்டாவது பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கை அம்மாவிடம் பேசினாள், அப்பாவிடம் பேசினாள், என் மனைவியிடம் சிரித்துச் சிரித்துப் பேசினாள். என்னிடம் மட்டும், "அண்ணா, சாப்பிட்டுப் போ" என்று மூன்றே வார்த்தை.

மறுநாள் காரை இன்னொரு வண்டியில் ஏற்றி எங்கள் ஏரியா மெக்கானிக் பாயிடம் கொண்டுவந்து இறக்கினேன். பாய் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"சார், அல்வா கிண்டி வெச்சிருக்கீங்க."

டேப்பெட் கவரைக் கழற்றியதும் எனக்கே தெரிந்தது. பளபளவென்று இருக்க வேண்டிய இடமெல்லாம் கறுப்பாக, கெட்டியாக, ஸ்பூனால் வழித்து எடுக்கிற பதத்தில் என்னவோ படிந்திருந்தது. அடியில் இருக்கும் ஆயில் சம்ப்பைக் கழற்றினார். பம்ப் ஆயிலை உறிஞ்சுகிற இடத்தில் டீ வடிகட்டி மாதிரி ஒரு வலை உண்டு. அதற்கு ஸ்ட்ரெய்னர் என்று பெயர். அதில் முக்கால்வாசி ஓட்டையை அந்த அல்வா அடைத்துக்கொண்டிருந்தது.

"கடைசியா எப்ப சார் ஆயில் மாத்துனீங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் ஒரு நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கார் அப்பாவுடையது. ரிடையர் ஆன பணத்தில் வாங்கியது. 2022 ஜனவரியில், "எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை. நீயே வெச்சுக்கோ" என்று சாவியைக் கொடுத்தார். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. மேலே 'கார் கணக்கு' என்று எழுதி, கீழே கோடு போட்டிருந்தார். உள்ளே தேதி, கிலோமீட்டர், என்ன ஆயில், எத்தனை லிட்டர், ஃபில்டர் மாற்றியதா... வருஷம் தவறாமல் பதிவு. ஒரு வருஷம் கார் 1,900 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அப்போதும் மாற்றியிருக்கிறார்!

நான் பி.காம். செலவைக் கண்டால் கை பரபரக்கும். "பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தினா போதும்னு புக்லயே போட்டிருக்குப்பா. நீங்க நல்ல ஆயிலைக் கீழே கொட்டியிருக்கீங்க" என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நான் வீட்டுக்கும் ஆபீஸுக்கும், போக நாலு வர நாலு என்று ஓட்டினேன். மூன்று வருஷத்தில் மொத்தம் 7,400 கிலோமீட்டர். பத்தாயிரம் வரட்டும் என்று காத்திருந்தேன்.

பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்து, கிளவ் பாக்ஸிலிருந்த கம்பெனி புத்தகத்தை முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தேன். '10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது.'

எது முதலில் வருகிறதோ அது! ஆபீஸில் தினம் பத்து அக்ரிமென்டில் இந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போடுகிறவன் நான். அடுத்தவன் ஒப்பந்தமாக இருந்தால் கண்ணில் படுகிறது!

ஓடாத காருக்கு எதற்கு ஆயில் மாற்ற வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பாய் சிரித்துவிட்டு, "ஓடாததுதான் சார் பிரச்னை" என்றார். அப்புறம் நானே தேடிப் படித்ததில் ஆச்சரியமான ஒரு கணக்கு கிடைத்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. காலையில் கார் ஸ்டார்ட் பண்ணும்போது சைலன்சரிலிருந்து சொட்டுகிறதே, அதுதான். பெரும்பகுதி ஆவியாக அந்த வழியில் போய்விடும். கொஞ்சம், பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக, எரியாத பெட்ரோலையும் கரியையும் கூட்டிக்கொண்டு கீழே ஆயிலில் வந்து சேரும். இன்ஜின் நன்றாகச் சூடாகி, அரை மணி முக்கால் மணி ஓடினால் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். நாலு கிலோமீட்டரில் ஆயில் எங்கே சூடாகிறது? அது சோம்பல் முறிப்பதற்குள் ஆபீஸ் வந்துவிடும். தண்ணீரும் பெட்ரோலும் அமிலமும் கரியும் உள்ளேயே தங்கி, நாள்பட நாள்பட அல்வாவாகிவிடும். ஹைவேயில் வருஷத்துக்கு இருபதாயிரம் ஓடுகிற டாக்ஸியின் இன்ஜின் உள்ளே என் இன்ஜினைவிடச் சுத்தமாக இருக்க வாய்ப்பு உண்டு.

"பாய், இன்ஜின் ஃப்ளஷ்னு ஏதோ பாட்டில் விக்கிறாங்களே, அதை ஊத்திக் கழுவிடலாமா?"

"மூணு வருஷத்து அடைசலை அரை மணியில கரைச்சா, பாளம் பாளமாப் பேந்து வந்து இதே ஸ்ட்ரெய்னர்லதான் நிக்கும். இந்த வண்டிக்கு வேணாம் சார். கையில எட்டுற வரைக்கும் நான் கழுவித் தரேன். மிச்சத்தை நல்ல ஆயில் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கும். ஆயிரம் ஓட்டுங்க, மாத்துங்க. இன்னொரு ரெண்டாயிரம் ஓட்டுங்க, மாத்துங்க. அப்புறம் அப்பா மாதிரி இருங்க."

கடைசி வரியை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

'நல்ல ஆயில்' என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். எது நல்ல ஆயில்? ஆபீஸ் கேன்டீனில் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். கல்யாணத்துக்குப் பெண் தேடியபோதுகூட எனக்கு இத்தனை ஆலோசனை கிடைத்ததில்லை. "மெட்ராஸ் வெயிலுக்கு கெட்டியா 20டபிள்யூ-50 ஊத்து, வண்டி வெண்ணெய் மாதிரி போகும்" என்றார் கேஷியர். "விலை ஜாஸ்தி எதுவோ அதை வாங்கு" என்றான் பக்கத்து சீட். "ஆயில் கறுத்துப்போனா உடனே மாத்து, கறுக்காத ஆயில்தான் ஒசத்தி" என்றார் மூன்றாமவர். மூன்றும் தப்பு என்று இப்போது தைரியமாகச் சொல்வேன். அன்று மூன்றையும் குறித்துக்கொண்டேன்.

கறுப்பு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு துடைத்த பக்கெட் தண்ணீர் கறுப்பாக இருந்தால் தரை சுத்தமாகிறது என்றுதானே அர்த்தம்? இன்ஜின் ஆயிலில் பெரும்பங்கு வெறும் எண்ணெய். மிச்சம் சேர்மானங்கள். அதில் டிடர்ஜென்ட் என்று ஒரு வகை, கால்சியமோ மெக்னீசியமோ கலந்தது. அமிலத்தை முறித்து, உலோகத்தில் அழுக்கு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று டிஸ்பர்சன்ட். கரித்துகள்கள் ஒன்றோடொன்று கூட்டு சேராமல் தனித்தனியாக மிதக்க வைக்கும். 144 தடை உத்தரவு மாதிரி! துகள்கள் மிதப்பதால் ஆயில் கறுக்கிறது. கறுத்த ஆயில் வேலை செய்கிற ஆயில். ஆனால் இந்தச் சேர்மானங்கள் தீர்ந்துபோகிற சரக்கு. தீர்ந்த பிறகு தடை உத்தரவை மதிக்க ஆளில்லை. என் இன்ஜினில் நடந்தது அந்தப் பொதுக்கூட்டம்தான்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் ஒரு கடைக்குப் போனேன். தரையிலிருந்து கூரை வரை டப்பா. புலி, குதிரை, ரேஸ் கார் என்று விதவிதமான படங்கள். கடைக்காரர் நிமிராமலே, "என்ன கிரேடு?" என்றார். நல்லவேளை, புத்தகத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

டப்பாவில் நீங்கள் பார்க்க வேண்டியது புலியை அல்ல, இரண்டு சின்ன எழுத்து வரிசைகளை. ஒன்று 5டபிள்யூ-30 மாதிரி இருக்கும். டபிள்யூ என்றால் வின்டர். முதல் எண் குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பது. சின்ன எண்ணாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ஆயில் சட்டென்று மேலே ஏறும். இரண்டாவது எண் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டி என்பது. மெட்ராஸ் வெயிலுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை. வெளியே 42 டிகிரியோ 22 டிகிரியோ, சூடான இன்ஜினுக்குள்ளே அதன் சூடு அதற்கு. கம்பெனி 30 கேட்டால் 50 ஊற்றுவது, ஸ்ட்ராவில் கூழ் குடிக்கச் சொல்கிற மாதிரி. (கேஷியர் இதைப் படித்தால் மன்னிக்கவும்.)

இன்னொரு வரிசை ஏபிஐ என்று போட்டு இரண்டு எழுத்து. பெட்ரோல் இன்ஜின் என்றால் எஸ்ஸில் ஆரம்பிக்கும். அடுத்த எழுத்து தள்ளித் தள்ளிப் போகப் போகப் புதிய தரம். எஸ்என் 2010ல் வந்தது, எஸ்பி 2020ல், எஸ்க்யூ 2025 மார்ச்சில். பழைய காருக்குப் புதிய எழுத்து ஊற்றலாம். புதிய காருக்குப் பழைய எழுத்து கூடாது. பைக் வைத்திருக்கும் தம்பிகள் இங்கே ஒரு நிமிஷம் கவனிக்கவும்: கார் ஆயில் மிச்சமிருக்கிறதே என்று பைக்கில் ஊற்றிவிடாதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்சும் அதே ஆயிலில்தான் குளிக்கிறது, வழுக்கும். அதற்கு ஜாஸோ எம்ஏ என்று டப்பாவில் தனியாகப் போட்டிருக்கும்.

"சிந்தெடிக் தரட்டுமா, மினரலா?" என்றார் கடைக்காரர். சிந்தெடிக் என்றால் ஏதோ லேபரட்டரியில் குடுவையில் காய்ச்சுவது என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவில் இதற்கே ஒரு பெரிய பஞ்சாயத்து நடந்திருக்கிறது. "நீங்கள் விற்பது குரூடைச் சுத்தம் பண்ணியது, அது சிந்தெடிக் இல்லை" என்று மொபில் புகார் சொல்ல, காஸ்ட்ரால் மறுக்க, 1999ல் விளம்பரத் தகராறுகளை விசாரிக்கும் அமைப்பு காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்பு சொன்னது. அதனால் இன்று சிந்தெடிக் என்று விற்கும் டப்பாக்களில் நிறைய, குரூடிலிருந்து வந்து கடுமையாகச் சுத்திகரிக்கப்பட்டவைதான். அதற்காக ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். சாதாரண மினரலைவிடச் சூட்டை அதிகம் தாங்கும், அல்வா கிண்டுவதும் குறைவு. ஆனால் அதையும் மூன்று வருஷம் ஊறப்போட்டிருந்தால் மதுராந்தகத்தில்தான் நின்றிருப்பேன்.

மூன்று லிட்டர் 5டபிள்யூ-30, ஏபிஐ எஸ்பி, நடுத்தர விலை, சீல் உடையாதது. வாங்கிக்கொண்டு வந்தேன். பாய் பில் 9,400 ரூபாய், காரை ஏற்றிவந்த கூலி தனி. நான் மிச்சம் பிடித்தது இரண்டு ஆயில் சர்வீஸ், சுமார் நாலாயிரம். டெபிட், கிரெடிட் எப்படிப் பார்த்தாலும் டேலி ஆகவில்லை.

ஆயிரம் கிலோமீட்டரில் வடித்த ஆயில் தார் மாதிரி வந்தது. அடுத்த இரண்டாயிரத்தில் வந்தது நீர்க்கக் காய்ச்சிய டிகாஷன் மாதிரி. பாய் மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே கேம் ஷாஃப்ட் முகம் தெரிந்தது. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரம் வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வருகிறேன். ஆயில் சூடாக வேண்டும் என்று மனைவியிடம் காரணம் சொல்கிறேன். அவள் நம்புகிற மாதிரி நடித்துக்கொண்டு கூட வருகிறாள்.

இரண்டாவது தடவை மாற்றிய அன்று ராத்திரி, அலமாரியிலிருந்து அந்த நாற்பது பக்க நோட்டைத் தேடி எடுத்தேன். அப்பாவின் கடைசிப் பதிவுக்குக் கீழே, அதே மாதிரி கோடு போட்டு, கிலோமீட்டர், ஆயில் பெயர், கிரேடு, லிட்டர், ஃபில்டர், விலை எல்லாம் எழுதி, எதிரே உட்கார்ந்திருந்த அவரிடம் நீட்டினேன்.

அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். நோட்டை விளக்கு வெளிச்சத்துக்குக் கிட்டே பிடித்து ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்தார். பேனாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"இன்னிக்கு என்ன தேதிடா?"