கையால் பேசினால் மொழியில்லையா?

எது மொழி, எது வெறும் வழக்கு என்று தீர்ப்புச் சொல்ல இவர்கள் யார்? 2011 மக்கள்தொகைக் கணக்கு படுக மொழி பேசும் 1,33,550 பேரைக் கன்னடத்துக்குள் அடைத்தது. பத்தாயிரம் பேருக்குக் குறைந்த தோடர், கோத்தர் மொழிகள் 'இதர' மூட்டைக்குள். தோடர் மொழிக்கு எமனோ எழுதிய இலக்கணம் 1984லேயே அச்சாகிவிட்டது. ஆக, குறை இலக்கணத்தில் இல்லை, தலை எண்ணிக்கையில்.

தமிழ் எம்.ஏ. வகுப்பில் எங்க லைன் வீட்டுத் தமிழைக் 'கொச்சை' என்று சிவப்பு மையால் சுழித்தார்கள். தொல்காப்பியப் பாயிரமோ செய்யுளோடு வழக்கையும் சேர்த்தே சொல்கிறது.

எங்க லைனில் காதுகேளாத அக்கா ஒருத்தி. கொழுந்து நிறுக்கையில் கிலோவைக் குறைத்தால் அவதான் முதல்ல கண்டுபிடிப்பா. தராசு, சாக்கு, கணக்கெழுதுற கை எல்லாத்தையும் விரலாலே சொல்லிடுவா. லைனே புரிஞ்சுக்கும். விசாரிக்க வந்த அதிகாரி சொன்னார்: "ஊமை சாட்சி செல்லாதும்மா."

செல்லும். பேச முடியாதவர் நீதிமன்றத்தில் சைகையால் சொன்னால் அதுவும் வாய்மொழிச் சாட்சியமே என்றது 1872 சாட்சியச் சட்டத்தின் 119ஆம் பிரிவு. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. கைவடிவம், இடம், அசைவு என்று சைகைக்கும் உள்ளமைப்பு உண்டென்று 1960லேயே ஸ்டோக்கோ காட்டினார். ஆனாலும் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் இந்தியச் சைகை மொழி இல்லை.

பேசுகிறவன் யார் என்று பார்த்துத்தான் பேச்சுக்கு மதிப்புப் போடுகிறார்கள். சேரித் தமிழுக்கு நடந்ததும் இதுதான்.

தோட்டத்தில் விசாரணையா? சைகை தெரிந்தவரைக் கூட்டிவா. அவ சொல்றதை எழுது. நாங்க கேட்கிறது சலுகை இல்லை.