மழையில் ஒரு மசலா

தோல் போர்த்திய எந்தத் தாளக் கருவிக்கும் மழைக்காலம் பகைக்காலமே. காற்றில் ஏறும் ஈரத்தைத் தோல் உறிஞ்சித் தளர்கிறது. தளர்ந்த தோலில் சுருதி இறங்கி, கணீரென்று எழ வேண்டிய நாதம் மங்கிவிடுகிறது. பறை இசைப்போர் வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, அந்த அனலில் தோலைக் காட்டி முறுக்கேற்றுவது இதனால்தான். கச்சேரி மேடையில் கஞ்சிரா வாசிப்பவர் இதற்கு நேர்மாறாக, முறுக்கு மிகுந்த உடும்புத்தோலின் உட்புறத்தில் நீர் தடவி ஒலியைத் தாழ்த்திக்கொள்வது மரபு. ஆயினும் அங்கே நீரின் அளவை முடிவு செய்பவர் கலைஞர், திறந்தவெளிச் சந்தையிலோ அதை முடிவு செய்வது வானம். இந்த வேறுபாடு பாட்டுக்கு என்ன செய்கிறது என்பதை, மதுரையில் வைகையின் வடகரையிலுள்ள கோரிப்பாளையத்தில் ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை மாலையொன்று காட்டியது.

இஸ்லாமிய வழக்கில் பொழுது சாய்ந்ததும் மறுநாள் பிறந்துவிடுவதால் வியாழன் மாலையே வெள்ளி இரவாகக் கொள்ளப்படுகிறது; ஆகவே இறைநேசர்களின் அடக்கத்தலமான தர்காவை நோக்கி அன்று எல்லாச் சமயத்தாரும் வருகின்றனர். அவர்களை நம்பியே பூக்கூடைகளும், ஊதுபத்தி, சாம்பிராணி, சர்க்கரைப் பொட்டலங்கள் பரப்பிய பலகைகளும், பழவண்டிகளும் தெருவோரத்தில் ஒரு சிறு சந்தையாகக் கூடுகின்றன. மழை தொடங்கியதும் அந்தச் சந்தை முழுவதும் தார்ப்பாய்க்குள் ஒடுங்கியது. ஒதுங்கி நின்றவர்களின் பேச்சில் 2024 அக்டோபர் மாதத்துப் பெருமழையே திரும்பத் திரும்ப வந்தது. பந்தல்குடிக் கால்வாய் பொங்கி, அருகிலுள்ள செல்லூரின் தெருக்களில் வெள்ளம் புகுந்த அந்த நாளுக்குப் பிறகு, இப்பகுதியில் மழையை வெறும் மழையாகப் பார்ப்பவர் இல்லை.

அந்தத் தார்ப்பாய்களில் ஒன்றின் கீழ், காவிரிப் படுகையிலிருந்து வந்திருந்த பயணி ஒருவரும் நின்றிருந்தார். நாகசுரமும் தவிலும் ஒலிக்கும் ஊரில் வளர்ந்த அவருக்கு, இசை என்றால் பந்தலும் மண்டபமும் தேவை என்பது ஐயத்துக்கு இடமில்லாத எண்ணம். தூறல் விழுந்தாலே மேளக்காரர் தவிலைத் துணியால் மூடிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குள் புகுவதையே அவர் கண்டிருக்கிறார். கடைத்தெருவில் பாடுவது யாசகத்துக்கு முன் நீட்டப்படும் முகவுரை என்ற மனச்சாய்வும் அவருக்கு இருந்தது. எனவே, பச்சைத் தலைப்பாகையும் கழுத்தில் மணிமாலைகளுமாக ஒரு முதியவர் தார்ப்பாயின் விளிம்பில் நின்று பாடத் தொடங்கியபோது, பயணியின் கை சில்லறையைத் தேடியதே தவிர, செவி பாட்டைத் தேடவில்லை.

அம்முதியவர் ஒரு பக்கீர். அதாவது, சூஃபி நெறியில் குரு ஒருவரிடம் வாக்குறுதி அளித்து எளிய வாழ்வை ஏற்றவர். தமிழகத்தில் இவர்களைப் பாவா என்று அழைப்பர். ரமலான் மாதத்தில் விடியலுக்கு முன் தெருத்தெருவாகச் சென்று, நோன்பாளிகளைச் சஹர் உணவுக்கு எழுப்புவது இவர்களின் பணிகளுள் ஒன்று. கையிலிருந்த கருவி தாயிரா. மரவளையத்தின் ஒரு பக்கம் தோலும், வளையத்தின் துளைகளில் உலோகச் சிறுதட்டுகளும் கொண்டது. சாரல் பட்டுத் தோல் தளர்ந்ததும் தட்டுகளின் சலசலப்பு மட்டும் மிஞ்ச, அடி எழவில்லை. பாவா பாட்டை நிறுத்தாமல், தாளத்தைத் தோலிலிருந்து வளையத்துக்கு மாற்றி, மரத்தில் விரலால் தட்டியபடியே தொடர்ந்தார். அருகிலிருந்த டீக்கடைக்காரர், "பாவா, இங்கிட்டு வாங்க, அடுப்புல காட்டுங்க" என்று இடம் விட்டபோது, தோல் சூடேறும்வரை கருவியே இல்லாமல் குரல் மட்டும் நடந்தது.

அந்த நேரத்தில்தான் தகராறு பிறந்தது. கைப்பேசியில் பேச இயலாமல் தவித்த இளைஞர் ஒருவர் இருபது ரூபாய்த் தாளை நீட்டி, "பாவா, வச்சுக்கோங்க, பாட்டு போதும்" என்றார். பாவா தாளைத் தொடவில்லை. "முடிக்காமக் காசு வாங்குறதில்ல தம்பி. கேள்விய வச்சாச்சு, பதிலச் சொல்லாமப் போனா அது கடன்" என்றார். இளைஞர் குரலை உயர்த்தினார். பூக்கடைப் பெண்மணி, "அவரு பாடுறதப் பாடட்டும், நீ அந்தப் பக்கம் போய்ப் பேசு" என்று இளைஞரைக் கடிந்தார். மழையோ யாரையும் எந்தப் பக்கமும் போகவிடவில்லை.

கேள்வி என்று பாவா சொன்னதன் பொருள், அவர் பாடிய மசலாவின் அமைப்பை அறிந்தால் விளங்கும். கிஸ்ஸா, நாமா, படைப்போர், முனாஜாத்து முதலியவற்றோடு மசலாவும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கே உரிய சிற்றிலக்கிய வகை. வினாவும் விடையுமாக அறிவைச் சொல்லிச் செல்வது அதன் இயல்பு. முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியதாகக் கருதப்படும் ஆயிர மசலா, வண்ணப் பரிமளப் புலவரால் இயற்றப்பட்டு, 1572ஆம் ஆண்டில் இதே மதுரையில் அரங்கேறியது; யூத அறிஞர் ஒருவர் கேட்கும் வினாக்களுக்கு நபிகள் நாயகம் விடையளிப்பதாக அந்நூல் அமைந்துள்ளது. தன்னை மணக்க வருபவரிடம் இளவரசி ஒருத்தி நூறு வினாக்களைத் தொடுக்கும் நூறு மசலாவோ, எளிய நடையால் மக்களிடையே பெரிதும் பரவிய கதை. வினாவோடு நின்றுவிடும் மசலா, கேட்டவரை நடுவழியில் விட்டுச் செல்கிறது. அதைப் பாடுபவர் வினாவைத் தொடுத்த கணத்திலேயே கேட்பவருக்குக் கடன்பட்டுவிடுகிறார். நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓர் இலக்கிய வகையின் இலக்கணத்தை, ஈரத் தெருவில் பாவா தம் நேர்மைக்கு அளவுகோலாகக் கொண்டிருந்தார்.

பயணியின் மனநிலை இங்கே மாறியது. சூடேறிய தாயிரா மீண்டும் கணீரென்று பேசத் தொடங்கியபோது, மழை இசைக்குத் தடை என்ற எண்ணம் அவரிடமிருந்து விலகியது. மற்ற நாட்களில் நடந்தபடியே ஓரடி கேட்டுக் கடந்துபோகும் சந்தைக் கூட்டத்தை, வினாவிலிருந்து விடைவரை நிறுத்திவைத்தது அந்த மழைதான். தோலைத் தளர்த்திய அதே நீர் கேட்போரைச் சேர்த்தும் தந்தது. விடை வந்தபோது பழவண்டிக்காரர் தலையசைத்தார். அந்த இளைஞர் தாளை மறுபடி நீட்ட, பாவா இம்முறை வாங்கிக்கொண்டு அவர் தலையில் கைவைத்து வாழ்த்தினார்.

தம் ஊரோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதும் பயணிக்கு வேறோர் உண்மை புலப்பட்டது. காவிரிப் படுகையின் கோயில்களில் இறைவனைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்யும் இரவுகளில், கேட்க எவரும் இல்லாத பிராகாரத்திலும் நாகசுரம் ஒலிக்கிறது. அங்கும் இசை கூட்டத்துக்காக நிகழ்வதன்று, ஏற்றுக்கொண்ட கடமைக்காக நிகழ்வது. மண்டபத்துக்கும் சந்தைக்கும் இடையே பயணி கண்டிருந்த உயர்வு தாழ்வு, உண்மையில் கூரைக்கும் கூரையின்மைக்கும் இடையிலான வேறுபாடு மட்டுமே. கோரிப்பாளையத்துத் தெருவோரப் பாட்டை யாசகம் என்று ஒதுக்குவது, அதனுள்ளிருக்கும் இலக்கியத்தையும் ஒழுக்கத்தையும் சேர்த்தே ஒதுக்குவதாகும். அங்கே ஒரு மசலா தொடங்கிவிட்டால், மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும், விடைவரை நின்று கேட்பதே அதற்குச் செய்யும் முதல் மரியாதை. காசு கொடுப்பது அதற்குப் பின்னரே.